நெல்லைக் கேட்பினம், வைக்கலை ஆர் கேட்பினம்?

தீவகத்தில் நெல் ஒரு போகம்தான். வேலணையிலும் புங்குடுதீவிலும் புரட்டாசியில் விதைத்து, மாரி மழையை நம்பி வளர்த்து, தை பிறக்க அருவி வெட்டுவது. ஆகவே வைக்கலும் வருசத்துக்கு ஒரு தடவைதான். சோளகம் அடிக்கிற மாதங்களில் தரவை கருகிக் கிடக்கும்போது, அந்த வைக்கலும் கிழித்துப் போடுகிற பனையோலையும்தான் மாடுகளை அடுத்த மாரி வரைக்கும் இழுத்துக்கொண்டு போகும்.

'தை மழை நெய் மழை' எண்டு ஒரு பழமொழி இருக்கு. சொன்ன ஆளுக்கு வயலிலே வெட்டிப் போட்ட கதிர் கிடந்திருக்காது என்று நினைக்கிறோம்.

தையில் மழை விட்டு வெயில் எறிக்கும் என்ற நம்பிக்கையில்தான் எங்கட முழு ஏற்பாடும் நிற்கிறது. 2023இல் பெப்ரவரி தொடக்கத்தில், அறுவடை நடந்துகொண்டிருந்தபோதே, வங்கக் கடலில் உருவான தாழமுக்கம் நாட்டின் கிழக்குக் கரையில் ஏறியது. இப்போது தை வந்தால் எங்களில் மாடு வளர்க்கிற வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் போனில் வானிலைப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

முந்தி உப்பட்டியை வயலில் காயவிட்டு, சூடு வைத்து, பிறகு மிதிப்பார்கள். வைக்கல் நீட்டு நீட்டாக இருக்கும், கட்டலாம், அடுக்கலாம். இப்போது வெட்டு மெசின் காலையில் இறங்கினால் மத்தியானம் நெல்லு சாக்குக்குள். மழைக்கு முந்தி நெல்லைத் தப்பவைக்க இதைவிட நல்ல வழியில்லை. ஆனால் வைக்கல் நொறுங்கி, ஈர நிலத்திலே பரவிக் கிடக்கும். அதைக் கூட்டி அள்ள மூன்று நாள் வெயில் வேணும். இரண்டு நாள் எறித்து மூன்றாம் நாள் தூறினால் திரும்ப முதலில் இருந்து புரட்டவேண்டும்.

அவசரப்பட்டு ஈரத்தோடு போர் வைத்தால் அது இன்னும் மோசம். ஈர வைக்கலுக்குள் நுண்ணுயிர்கள் வேலை செய்யத் தொடங்க உள்ளே சூடு ஏறும், பூஞ்சணம் பிடிக்கும். "கையை உள்ளுக்கு விட்டுப் பார் பிள்ளை, கொதிக்குதெண்டால் உடனே பிரிச்சுப் போடு" என்பார் பெரியப்பா. அதிகம் சூடேறினால் போர் தானாகவே பற்றியும் எரியும். பூஞ்சணம் பிடித்ததை மாடு மணந்துபார்த்துவிட்டுத் திரும்பிவிடும். பசியில் தின்றால் வருத்தம்.

மழைக்குப் பிறகு பயிரழிவு பதிய வருகிறவர்கள் எத்தனை ஏக்கர், எத்தனை மூட்டை என்று கேட்கிறார்கள். வைக்கல் எவ்வளவு போனது என்று எங்களிடம் ஒருவரும் கேட்டதில்லை. நெல் போனால் கடையில் அரிசி வாங்கலாம், கடன்பட்டாவது. வைக்கலை வெளியில் இருந்து ஏற்றி இறக்கினால் அதன் விலையைவிட லாண்ட்மாஸ்டர் கூலி கூடும். குறிகட்டுவானில் இருந்து ஒரு மணித்தியாலம் படகில் போகவேண்டிய நெடுந்தீவுக்கு என்றால் கேட்கவே வேண்டாம். 2022 டிசம்பரில் குளிர்காற்றோடு மழை பெய்தபோது வடக்கு கிழக்கில் நூற்றுக்கணக்கான மாடுகள் செத்தன. குளிர் என்று எழுதினார்கள், சரிதான். ஆனால் மெலிந்த மாடு குளிரை எத்தனை இரவு தாங்கும்?

ஒரு வழி இருக்கிறது. 100 கிலோ வைக்கலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் பொலித்தீனால் மூடி இரண்டு மூன்று கிழமை வைப்பது. வைக்கல் மெதுவாகும், புரதம் கூடும். கொஞ்சம் ஈரமாக அள்ளியதென்றாலும் பூஞ்சணம் பிடிக்க முந்திச் செய்தால் சரி, தண்ணீரை மட்டும் குறைக்கவேண்டும். இலங்கையில் 1980களிலேயே ஆராய்ந்து பார்த்த முறை, ஆனாலும் எங்கள் பக்கம் பரவவில்லை. 2021இல் இரசாயன உரத் தடை வந்தபோது நெல்லுக்கே யூரியா இருக்கவில்லை, வைக்கலுக்கு ஆர் தந்திருப்பினம்? கரையாத யூரியாவைத் தின்றால் மாடு செத்துவிடும் என்ற பயமும் உண்டு. அது நியாயமான பயம். சரியாகக் கரைக்கவேண்டும், திறந்து மணம் போகவிட்டுத்தான் போடவேண்டும், சின்னக் கன்றுகளுக்குப் போடவே கூடாது.

இந்தமுறை பாதி வைக்கலை அப்படி மூடிவைத்தோம். திறந்தபோது அடித்த மணத்துக்கு எங்களுக்கே கண் எரிந்தது. சிவப்பி இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள், மூன்றாம் நாள் தின்னத் தொடங்கினாள். தறப்பாளுக்குக் கீழே கிடந்த மற்றப் பாதியில் பூஞ்சணம் பிடித்ததைப் பிரித்து வாழைக்கு மூடாக்காகப் போட்டிருக்கிறோம். மிச்சம் ஆனி வரைக்கும் காணும். அதுக்குப் பிறகு ஓலைதான்.