அடம் பிடிக்கும் பிள்ளை

இரண்டு வயதுப் பிள்ளை வளரும் இல்லத்தில் அமைதி என்பது ஒரு விருந்தாளி. எப்போது வரும், எப்போது விடைபெறும் என்று எவராலும் கூற இயலாது. நம் இல்லத்தின் இன்றைய நிலையும் அதுவே. மகன் வழிப் பேரனுக்கு இரண்டரை வயது. வெள்ளைக் குவளையில் பால் கொடுத்தால் நீலக் குவளை வேண்டுமென்பான். நீலக் குவளையில் மாற்றிக் கொடுத்தால், ஏன் மாற்றினீர்கள் என்று அழுவான்.

அண்மையில் உறவினர் இல்லத் திருமணம் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். சஹன் வைக்கப் பிற்பகல் இரண்டு மணியாயிற்று. உண்ணாமலும் உறங்காமலும் இருந்த பேரன், வேறொரு பிள்ளையின் கையிலிருந்த பலூனைக் கண்டான். கிடைக்கவில்லை. கூடத்தின் நடுவே விழுந்து, கால்களை உதைத்துக் கதறலானான். ஒருவர் மிட்டாய் நீட்டினார். மற்றொருவர் கைப்பேசியை நீட்டினார். இன்னொருவர், "ரெண்டு வச்சா அடங்கிடுவான்" என்றார். மூதாட்டி ஒருவரோ, "வளர்ப்பு சரியில்லை" என்று மருமகளின் செவியில் விழும்படியே சொன்னார். பிள்ளையின் கண்ணீர் ஐந்து நிமிடத்தில் காய்ந்துவிட்டது. தாயின் கண்கள் இல்லம் திரும்பும்வரை காயவில்லை.

அடம் வளர்ப்பின் குறைதானா? அமெரிக்க உளவியலாளர் புளோரன்ஸ் குட்இனஃப், பிள்ளைகளின் சினத்தைத் தாய்மாரையே நாள்தோறும் குறித்துவரச் செய்து, 1931-இல் ஒரு நூல் வெளியிட்டார். பிறந்த இரண்டாம் ஆண்டில் சினம் உச்சத்தை எட்டுகிறது என்பதும், பசி வேளையிலும் களைப்பிலும் நோயிலும் அது மிகுகிறது என்பதும் அக்குறிப்புகளால் விளங்கின. ஓடவும் ஏறவும் விரும்பவும் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு, விரும்பியதைச் சொல்லும் சொற்கள் இன்னும் வாய்க்கவில்லை. உணர்ச்சியை அடக்கியாளும் மூளையின் முன்பகுதி முழு வளர்ச்சி பெற இருபது வயதைக் கடந்தும் சில ஆண்டுகள் ஆகின்றன. வளர்ந்த நாமே சினத்தின் முன் தடுமாறும்போது, மழலையிடம் பொறுமையை எதிர்பார்ப்பது எவ்வகை நீதி?

2003-இல் அந்நாட்டில் வெளியான மற்றோர் ஆய்வு, அடத்தினுள் சினம், துயரம் என இரண்டு உணர்ச்சிகள் கலந்திருப்பதைக் காட்டிற்று. சினம் தொடக்கத்திலேயே உச்சத்திற்கு ஏறித் தணிகிறது. துயரம் உடன் தொடர்ந்து வருகிறது. பெரும்பாலான அடங்கள் ஐந்து நிமிடங்களுக்குள் ஓய்ந்துவிடுகின்றன. ஆகவே சினம் கொதிக்கையில் அறிவுரை செவியில் ஏறாது. பிள்ளைக்கு அடிபடாதவாறு பார்த்துக்கொண்டு, அதிகம் பேசாமல் அருகில் இருந்தால் போதும். கதறல் விம்மலாக மாறும்போது அது அணைப்பைத் தேடுகிறது. அப்போது அள்ளிக்கொள்ளலாம்.

அடித்தால், வலியவர் மெலியவரை அடிக்கலாம் என்பதையே பிள்ளை கற்கும். மறுத்த பொருளை அழுகைக்காகக் கொடுத்தால், அழுகைக்கு விலை உண்டு என்று கற்கும். கைப்பேசி ஓசையை அடக்கும். தானே தணிந்துகொள்ளும் பழக்கத்தைத் தராது. வேளையில் உணவும் உறக்கமும் தருவதும், "சிவப்புச் சட்டையா, பச்சைச் சட்டையா?" என்று சிறு தேர்வுகளைப் பிள்ளையிடமே விடுவதும் பல அடங்களை வருமுன் காக்கும்.

சில பிள்ளைகள் அழுது மூச்சடங்கி, உதடு நீலம் பாய்ந்து, நொடிப்பொழுது நினைவிழப்பதும் உண்டு. காண்போர் பதறினும் பெரும்பாலும் அது தீங்கற்றதே. எனினும் மருத்துவரிடம் காட்டுவது கடமை. இரும்புச்சத்துக் குறைவு காரணமாயின், அதை ஈடுசெய்ததும் பலருக்குக் குறைகிறது. அடம் மிக நீண்டாலும், தன்னையோ பிறரையோ அடிக்கடி காயப்படுத்தினாலும், பேச்சு வளராதிருந்தாலும் மருத்துவரை நாடுவதே முறை.

கூட்டுக் குடும்பத்தில் வேறொரு சிக்கலும் உண்டு. தாய் மறுத்ததை நன்னி கொடுப்பார். நன்னி மறுத்ததை அத்தா கொடுப்பார். பிள்ளை யாரிடம் அழுவது என்பதை விரைவில் அறிந்துகொள்ளும். இடையில் தாயின் சொல் மதிப்பிழக்கும். ஆகையால் நம் இல்லத்தில் ஓர் உடன்பாடு செய்துகொண்டோம். தாய் 'இல்லை' என்றால் அனைவருக்கும் 'இல்லை'தான். பேரனின் நன்னியும் இதற்கு இசைந்தார், ஒரே ஒரு நிபந்தனையுடன்: அழுது ஓய்ந்த பிள்ளையைத் தாய் தேற்றிய பின், அடுத்த மடி தம்முடையதாக இருக்க வேண்டுமாம். மருமகள் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.