புளியமரம் ஸ்டாப்

ஆஹன் நகரத்துல பஸ் ஸ்டாப்பை யாருக்கும் அடையாளம் காட்ட வேண்டியதில்ல. மஞ்ச வட்டத்துக்குள்ள பச்சைல ஒரு 'ஹெச்'. அதே கம்பத்துல ஸ்டாப் பேரு, வண்டி நம்பர், எத்தனாவது நிமிஷம் வரும்ங்கற அட்டவணை. ஜெர்மன் ஒரு வார்த்தை தெரியாம வந்த நானே முதல் வாரத்துல யார்கிட்டயும் வாயத் திறக்காம காலேஜ் போயிட்டேன்னா பாத்துக்கங்க.

இதையெல்லாம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல ஏத்தறதுதான் இப்ப என் சனிக்கிழமைப் பொழப்பு. தெரியாதவங்களுக்கு: விக்கிபீடியா மாதிரியே, ஆனா மேப்பு. 2004-ல இங்கிலாந்துல ஆரம்பிச்சது. ஜெர்மன்காரங்களுக்கு இதுல தனி வெறி. வேற மேப்பைப் பாத்துக் காப்பியடிக்கக் கூடாது. நாமளே போகணும், பாக்கணும், போடணும்.

பஸ் ரூட்னா ஒரு கோடு இழுத்தா முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. 2011-ல ஒத்துக்கிட்ட முறைப்படி, போறதுக்கு ஒண்ணு, வர்றதுக்கு ஒண்ணு, ரெண்டையும் சேத்துக் கட்ட மூணாவதா ஒண்ணு. சனங்க நிக்கற இடம் ஒரு புள்ளி, ரோட்டுல வண்டி நிக்கற இடம் இன்னொரு புள்ளி. அப்புறம் ஸ்ட்ரீட்கம்ப்ளீட்னு ஒரு ஆப் இருக்கு, அது நடக்க நடக்க நம்மள நோண்டும். பென்ச் இருக்கா? கூரை இருக்கா? கண்ணு தெரியாதவங்க கால்ல தடவிப் பாத்து நிக்கற மாதிரி தரை இருக்கா? "இதெல்லாம் ஒரு கேள்வியாய்யா"ன்னு தோணும். தள்ளுவண்டியப் பிடிச்சிட்டு நடந்து வர்ற இந்த ஊர் பாட்டிங்களைப் பாத்தா தோணாது.

இந்த ஜோர்ல எங்க ஊரையும் போட்டுடலாம்னு ஒரு ராத்திரி உக்காந்தேன். டெல்டா பக்கம், சின்ன ஊர். டவுன் பஸ் ஒண்ணு, மினி பஸ் ஒண்ணு, மொத்தமே ஏழு ஸ்டாப். அரை மணி நேர வேலை. அஞ்சாவது ஸ்டாப்புல நின்னுட்டேன்.

அதுக்குப் பேரு புளியமரம். மரம் இல்ல, ரோடு அகலப்படுத்தறப்ப வெட்டிட்டாங்க. போர்டு எந்தக் காலத்துலயும் இருந்ததில்ல. நிழற்குடை, கம்பம்... ம்ஹும். இந்த மேப்புல ஒரு விதி உண்டு: நீங்க போட்டதை இன்னொருத்தர் நேர்ல போய்ப் பாத்துச் சரின்னு சொல்ல முடியணும். எதைப் பாப்பாரு அவரு?

தேடினா, வெள்ளைக்காரன்கிட்டயும் இந்தக் கதை இருக்கு. இங்கிலாந்து அரசாங்கத்தோட பஸ் ஸ்டாப் பட்டியல்லயே 'வழக்கத்துல நிக்கற இடம்'னு தனி வகை. கம்பம் கிடையாது, ஆனா வண்டி நிக்கும். அந்தப் பட்டியல் 2009 வாக்குல ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்கு வந்தப்ப அந்த வகையும் சேந்தே வந்துச்சு. பேஷ்!

இது எனக்கு வெறும் மேப்பு விவகாரமா இல்ல. போன வருஷம் புதுசா வந்த கண்டக்டர் ஒருத்தர் எங்க அத்தைகிட்ட "இங்க ஸ்டாப்பே கிடையாதும்மா"ன்னுட்டார். அடுத்த ஸ்டாப்புல இறங்கி, மூட்டு வலியோட, கையில அரிசிப் பையோட திரும்பி நடந்தாங்க. 2021 மே மாசத்துலருந்து டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் கிடையாது, நல்ல விஷயம்தான். வண்டி நிக்கணுமே! நாப்பது வருஷமா அங்கயே ஏறி இறங்கறவங்க, அவர்கிட்ட என்னத்தைக் காட்டி வாதாடுவாங்க?

தம்பிய ஒரு நாள் காலைல அங்க நிக்கச் சொன்னேன். எட்டு மணி வண்டிக்குப் பதினோரு பேர் ஏறினாங்க, ரெண்டு பேர் இறங்கினாங்கன்னான். போதும். பேரு: புளியமரம். கம்பம்: இல்லை. பென்ச்: இல்லை. கூரை: இல்லை. மாத்தத்துக்கான குறிப்புல 'நேரில் பார்த்தது'ன்னு எழுதினேன். பாத்தவன் தம்பி, அது உள்ளூர் ஆள் கணக்குதான் :-)

மேப்புல புள்ளி வெச்சா கண்டக்டர் நிறுத்திடுவாரான்னு அத்தை கேட்டாங்க. மாட்டார்தான். மனு எழுதறப்ப கூட ஒரு காகிதமா வெச்சுக்கலாம்னேன். "அப்ப பெருசா பிரிண்ட் எடுத்து அனுப்புடா"ன்னாங்க.

மினி பஸ்தான் இன்னும் இழுக்குது. ஸ்கூல் நேரத்துல ஒரு வழி, மத்த நேரத்துல வாய்க்கா கரையோட இன்னொரு வழி. ரெண்டையும் தனித்தனியா போட்டாச்சு. லீவு நாள்ல எந்த வழின்னு டிரைவரைக் கேட்டுச் சொல்றேன்னிருக்கான் தம்பி.