ஊர்வரி

ஒரு பொருள் விலையின்றிக் கிடைக்குமாயின், அதனை ஆக்கியோர்க்கு உழைப்புமில்லை, செலவுமில்லை என்று எண்ணுதல் மாந்தர் இயல்பு. கணினியைக் கையாளும் மாணாக்கராகிய நம்மிடத்தும் இவ்வியல்பு உண்டு.

யான் பழவேற்காட்டு ஏரிக்கரையிலுள்ள கோட்டைக்குப்பத்தைச் சார்ந்தவன். எம்மூரில் ‘பாடு’ என்றொரு முறை வழிவழியாக வழங்கி வருகின்றது. முகத்துவாரத்தை அடுத்த நீரோட்டத்தில், கழி நட்டு வலை விரித்து இறால் பிடித்தற்குரிய இடங்களை ஊரார் முறைவைத்துப் பகிர்ந்துகொள்வர். நல்ல இடம் இன்று ஒருவர்க்கு. பிறிதொரு நாள் மற்றொருவர்க்கு. ஏரி தமதே என்பார் எவருமிலர். எனினும் பொதுச்செலவிற்கு ஊர்வரி செலுத்துதல் யாவர்க்குங் கடன். முகத்துவாரம் மணலால் தூர்ந்துழி, மீனவர் தாமே பொருள் திரட்டி மணலை அகற்ற முற்பட்டதும் உண்டு.

கட்டற்ற மென்பொருளும் இத்தகைய பொதுச்சொத்தே. யாவரும் பயன்படுத்தவும், உள்ளமைப்பை ஆராயவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமையுடைய மென்பொருளை ஆக்கக் கருதி, ரிச்சர்டு ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர் 1983ஆம் ஆண்டில் குனூ என்னுந் திட்டத்தை அறிவித்தார். விடுதலையையும் விலையின்மையையும் ஆங்கிலத்தில் ஒரு சொல்லே குறித்தலான் மயக்கம் விளைந்தது. நம் மொழியிலோ ‘கட்டற்ற’ என்பது வேறு, ‘இலவசம்’ என்பது வேறு. 1985இல் அவரே ஈமேக்ஸ் என்னுந் தம் மென்பொருளை நாடாவிற் பதிந்து 150 டாலருக்கு விற்றுப் பொருளீட்டினார்.

இப்பொதுச்சொத்தைப் பேணாவிடின் வருங் கேடு யாது? இணையத்தில் மறைபொருளைக் காக்கும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் மென்பொருளில் 2014ஆம் ஆண்டு ஒரு பெரும்பிழை வெளிப்பட்டது. வங்கிகளும் பெருநிறுவனங்களும் சார்ந்திருந்த அதற்கு, அதுவரை ஆண்டொன்றுக்குக் கிடைத்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலரே! முழுநேரமும் அதிலே உழைத்தவர் ஒருவரே! அதன் பின்னரே செல்வர் விழித்துப் பொருளுதவினர். நம் நாட்டிலும் செரோதா நிறுவனம் 2024ஆம் ஆண்டில், ஆண்டுக்குப் பத்து இலட்சம் டாலர் வழங்கும் நிதியொன்றை இத்தகையோர் பொருட்டு நிறுவியது.

“அன்பினாற் செய்யும் பணிக்குக் கூலி கொடுத்தால் அன்பு கெடாதோ?” என வினவுவாருமுளர். உ. வே. சாமிநாதையர் தமிழன்பினாலேயே ஏடு தேடினார்; ஆயினும் கல்லூரி ஊதியம் அவர் குடும்பத்தைக் காத்தது. 1887இல் வெளிவந்த சீவகசிந்தாமணிப் பதிப்பிற்குப் பலர் கையொப்பமிட்டு முற்படப் பொருளுதவினர். அதனால் அவர்தம் அன்பு குறைந்ததோ? பொருள் தந்தோர் நூலுக்கு உடையவராயினரோ? இரண்டுமில்லை.

யானும் விடுதி நண்பர் ஐவரும் திங்கள்தோறும் ஆளுக்கு இருபது ரூபாய் சேர்த்து, யாங்கள் பயன்படுத்தும் மென்பொருள்களுள் ஒன்றற்கு ஆண்டிறுதியில் அனுப்பி வருகின்றோம். விலையில்லாப் பொருளுக்கு விலை ஏன் என்று என் தந்தையார் முதலில் வியந்தார். யான் விளக்கிய பின், “அப்படியாயின் அஃது ஊர்வரி” என்று ஒரு சொல்லில் முடித்தார்.

நண்பர்காள்! எ-கலப்பையாற் தமிழெழுதி, லிப்ரே ஆபீசிற் கட்டுரை வகுக்கும் நாம் அவ்வூரின் குடிகளல்லமோ? பொருளில்லார் பிழை கண்டுரைக்கலாம், மொழிபெயர்த்துதவலாம். பொருளுடையோர், சிறப்பாக இக்கல்லூரியின் பழைய மாணவர், தம் வரியைச் செலுத்துக. மணல் மூடிய பின் அகற்றுதலினும், மூடாமற் காத்தல் எளிதன்றோ!