நைரோபியின் ஜூலைக் குளிர்

அன்புள்ள அக்காவுக்கு,

ஆப்பிரிக்கா என்றாலே கொளுத்தும் வெயில் என்று நினைக்கிறவர்களை ஜூலையில் நைரோபிக்கு அழைத்து வர வேண்டும். இந்த ஊர் ஏற்காட்டை விட உயரம். இராத்திரியில் பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. அந்தக் குளிரில் நடைபாதையில் படுக்கும் பிள்ளைகளைப் பற்றித்தான் கேட்டிருந்தீர்கள்.

மட்டாட்டு வேன்கள் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும் எந்தச் சிக்னலிலும் அவர்களைப் பார்க்கலாம். ஒருவனுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். யாரோ பெரியவருடைய கோட்டு முழங்கால் வரை தொங்கும். சின்ன பிளாஸ்டிக் புட்டி ஒன்றைப் பல்லால் கவ்வியிருப்பான், அதன் வாய் மூக்குக்கு நேராக. கை இரண்டும் காசு கேட்க வேண்டுமே! புட்டியின் அடியில் விரற்கடை மஞ்சள் பசை. செருப்பு ஒட்டுகிற பசைதான். நம் ஊர் பஞ்சர் கடையில் ‘சொல்யூஷன்’ என்பார்களே, அந்த வகை. அதன் ஆவி பசியை மறக்கடிக்கும். உடம்பு மரத்துப்போய்க் குளிர் தெரியாது. நாளாக ஆக மூளையை அரித்துவிடும். “சாப்பிடக் காசு கொடுத்தால் பசை வாங்குகிறான்” என்று இங்குள்ள நம்மவர்களும் அலுத்துக்கொள்வார்கள். சாப்பாடு பொழுது சாயும்வரை தாங்கும். விடியும்வரை தாங்க அவனிடம் வேறென்ன இருக்கிறது?

அவர்கள் தனித்தனியாகத் திரிகிறவர்கள் அல்ல. ஏழெட்டுப் பேர் ஒரு கூட்டு. பகலில் இரும்பும் பிளாஸ்டிக்கும் பொறுக்கி எடைக்குப் போடுவார்கள். இரவில் ஒருவரை ஒருவர் ஒட்டிப் படுப்பார்கள். மூத்தவன் பங்கு பிரிப்பான், காய்ச்சல்காரனுக்குக் காவல் இருப்பான். அடிப்பதும் பிடுங்குவதும்கூட அவன்தான். பெண்பிள்ளைகள் பலர் பதினைந்து பதினாறில் தாயாகிவிடுகிறார்கள். தெருவிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் இங்கே உண்டு.

கென்ய அரசு 2018இல் எடுத்த கணக்கில் பெரியவர், சிறியவர் சேர்த்துத் தெருவில் வாழ்ந்தவர்கள் 46,639 பேர். நைரோபியில் மட்டும் 15,000க்கு மேல். முயற்சி இல்லாமல் இல்லை. 2003இல் ஆரம்பப் பள்ளிக் கட்டணத்தை நீக்கியதும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் புதிதாகச் சேர்ந்தார்கள். தெருக் குடும்பங்களின் மறுவாழ்வுக்கென்று ஒரு நிதியமும் அதே ஆண்டு வந்தது. ஆனால் பள்ளிக்கூடம் மாலையில் பூட்டிவிடுமே. குடித்துவிட்டு அடிக்கிற சிற்றப்பனிடமிருந்து ஓடி வந்த பையனுக்குப் பிரச்சினையே அதற்குப் பிறகுதான்.

பெரிய விருந்தாளிகள் வருகிறார்கள் என்றால் லாரி வரும், பிள்ளைகளை அள்ளிப்போகும். கொஞ்ச நாளில் அதே முகங்கள் அதே சிக்னலில். கூட்டாளிகள் இங்கே இருக்க, ஒருவன் மட்டும் கொண்டுபோய் விட்ட இடத்தில் எப்படித் தரிப்பான்? ஒவ்வொருவனாகப் பிரித்துக் கரையேற்றப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

1970களில் டச்சுப் பாதிரியார் ஆர்னால்ட் குரோல் தொடங்கிய உண்டுகு சங்கத்தின் வழி எனக்குப் பிடித்திருக்கிறது. காலி இடம் காட்டிக் கார்க்காரர்களிடம் சில்லறை வாங்கிய ‘பார்க்கிங் பையன்’களிடம்தான் அவர் முதலில் போனார். பின்னாளில் அந்தச் சங்கம், தெரு இளைஞர்களின் கூட்டைக் கலைக்காமல் அதையே சங்கமாக்கித் தொழில் பழக்கியது. நேரம் பிடிக்கிற வேலைதான்.

அப்புறம், ஸ்வெட்டர் மூட்டை அனுப்புவதாக எழுதியிருந்தீர்கள். வேண்டாம் அக்கா. உலகத்துப் பழைய துணியெல்லாம் இங்கே கிகோம்பா சந்தையில்தான் வந்து இறங்குகிறது. கப்பல் கூலிப் பணத்தில் இங்கேயே அதைவிட அதிகம் வாங்கலாம். பணமாகவே அனுப்புங்கள். போர்வையாக வாங்கிக்கொள்கிறேன், கூட்டுக்கு இத்தனை என்று.

அன்புடன்,
உங்கள் தம்பி