புறக்கோட்டையில் ஒரு பழஞ்சொல்

கொழும்புக்குப் புதிதாக வரும் ஒருவர் கோட்டைப் புகையிரத நிலையத்தில் இறங்கி, வாயிலிலே நின்று நாற்புறமும் நோக்குவாராயின், "கோட்டை எங்கே?" என்றுதான் முதலிற் கேட்பார். கேட்பது நியாயமே. அவர் நிற்கும் இடம் கோட்டையன்று, புறக்கோட்டை. எதிரே ஒல்கொட்டின் உருவச்சிலை நிற்கிறது. அதற்கப்பால் பேருந்துகளின் இரைச்சல். அதற்கும் அப்பால் மூட்டை சுமக்கும் நாட்டாமைமாரின் குரல். மதிலோ அகழியோ கொத்தளமோ கண்ணுக்குத் தென்படாது. ஒல்லாந்தர் கட்டிய மதில்களை ஆங்கிலேயர் 1870ஆம் ஆண்டையொட்டி இடித்துத் தள்ளிவிட்டனர். கோட்டை போயிற்று, அதன் 'புறம்' மட்டும் இருக்கிறது.

இடப்பெயர்களின் போக்கே விசித்திரமானது. சிங்களவர் இவ்விடத்தைப் 'பிடகொட்டுவ' என்பர்; கோட்டைக்கு வெளியே என்பதே அதன் பொருளும். ஆங்கிலத்தில் வழங்கும் 'பெட்டா' நமது 'பேட்டை'தான். இந்தியாவில் கோட்டைகளை அடுத்த குடியிருப்புகளுக்கு வெள்ளைக்காரர் வழங்கிய அச்சொல், அவர்களோடு கப்பலேறிக் கொழும்புக்கும் வந்து சேர்ந்தது. ஆனால் போர்த்துக்கேயர் காலத்திலே இந்நிலத்தின் பெரும்பகுதி வெளியே இருக்கவில்லை. அவர்களுடைய நகர மதிலுக்குள்ளேதான் இருந்தது. 1656இல் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் தமது கோட்டையைச் சுருக்கிக் கட்டிக்கொண்டு, எஞ்சிய பகுதியைப் 'பழைய நகர்' என்றனர். நிலம் இருந்த இடத்திலேயே இருந்தது. மதில் நகர்ந்தது, உள்ளே இருந்தவர் வெளியார் ஆயினர்.

நாம் இன்று இங்கு வந்தது ஒரு பழைய புத்தகத்தைத் தேடி. கொட்டாஞ்சேனையில் நாம் சிறுவராயிருந்த வீட்டிலே, தந்தையாரின் அலுமாரியில், ஈழத்து இலக்கியத்தின் வரலாறு கூறும் நூலொன்று இருந்தது. 1960களில் அச்சானது, புலவர்கள், பத்திரிகைகள், நாடகங்கள் என்று அமைதியாகச் செல்லும் நூல். 1980களின் நடுப்பகுதியிலே, வீடு வீடாகச் சோதனை நடக்கிறது என்ற செய்தி வந்த ஓர் இரவில், தந்தையார் அதன் அட்டையையும் தலைப்புப் பக்கத்தையும் கிழித்து அடுப்பிலிட்டார். "பெயர் போகட்டும், புத்தகம் இருக்கட்டும்" என்றார். ஒவ்வொரு பக்கத்தின் மேற்புறத்திலும் அதே பெயர் அச்சாகியிருந்ததை மறுநாட் காலையில்தான் கண்டார். பிறகு புத்தகமும் அடுப்புக்குப் போயிற்று.

அந்தச் சொல் என்ன குற்றம் செய்தது? இக்கேள்வியோடு நாம் பிரதான வீதி வழியே நடந்தோம். இரண்டாம் குறுக்குத் தெருவில், செந்நிறமும் வெண்ணிறமும் மாறி மாறி வரும் ஜாமி உல் அல்பார் பள்ளிவாசல். 1909இல் கட்டி முடிக்கப்பட்ட அதன் அழகை ஒரு நிமிடம் நின்று பாராமற் செல்வோர் கண்ணிருந்தும் இல்லாதவரே. அங்கிருந்து சனநெரிசலுக்குள் உடம்பைக் குறுக்கிக்கொண்டு சிறிது நடந்தால் செட்டியார் தெரு. ஆங்கிலப் பெயர்ப்பலகையில் இது கடல் வீதி, நகைக்கடைகளின் வீதி. கதிரேசன் ஆலயங்கள் இரண்டும் இங்கேயே இருக்கின்றன. ஆடிவேல் இரதம் பம்பலப்பிட்டிக்குப் புறப்படுவதும் இத்தெருவிலிருந்தே.

கண்ணாடிப் பெட்டிகளுக்குள் பவுண் மின்னுவதைக் கண்டபோது, நிகண்டுகள் கூறும் பொருளொன்று நினைவுக்கு வந்தது. ஈழம் என்னும் சொல்லுக்குப் பழைய நிகண்டுகள் தரும் பொருள்களுள் பொன் ஒன்று, கள் மற்றொன்று, சிங்களநாடு இன்னொன்று. பவுண் விற்பவரிடம் போய், "ஈழம் இன்று என்ன விலை?" என்று கேட்டால் இலக்கண வழுவன்று, ஆயினும் அவர் நம்மைப் பார்க்கும் பார்வையை எண்ணி, கேளாது நடந்தோம்.

கள் என்னும் பொருள் வெறும் ஏட்டுப் பொருளன்று. கள் இறக்குவோரிடம் சோழர் வாங்கிய வரிக்கு 'ஈழம்பூட்சி' என்று கல்வெட்டுகளிற் பெயர். கேரளத்து ஈழவர் ஈழத்திலிருந்து சென்றோர் என்பது ஒரு வழக்கு. ஈழம் இறக்கும் தொழிலாற் பெயர் பெற்றோர் என்பது மற்றொரு வழக்கு. நாட்டிலிருந்து கள்ளுக்குப் பெயர் வந்ததா, கள்ளிலிருந்து நாட்டுக்குப் பெயர் வந்ததா? தென்னையும் பனையும் மலிந்த தீவிலே இரண்டுக்கும் இடமுண்டு.

நாட்டுப் பெயராக இச்சொல்லின் வயது இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல். மதுரையை அடுத்த திருப்பரங்குன்றத்துக் குகையிலே, கிறிஸ்துவுக்கு முற்பட்டதென அறிஞர் கணிக்கும் தமிழ்ப் பிராமி எழுத்தில், கொடையாளி ஒருவர் ஈழத்துக் குடும்பிகன் எனக் குறிக்கப்பட்டுள்ளார். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்து குவிந்த பண்டங்களுள் ஈழத்து உணவும் ஒன்றென்று பட்டினப்பாலை கூறும். சங்கப் புலவர் வரிசையில் ஈழத்துப் பூதன்தேவனார் உளர். பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் 'மதுரையும் ஈழமும் கொண்ட' என்னும் பட்டத்தைச் சூடிக்கொண்டான். பின்னர் இராசராசன் படை அனுப்பி, தான் வென்ற பகுதிக்கு 'மும்முடிச்சோழ மண்டலம்' என்று தன் பெயரையே சூட்டினான். அந்தப் பெயர் சோழராட்சியோடு மறைந்தது. ஈழம் மறையவில்லை.

இச்சொல் பிறந்த விதம் பற்றிய வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை. 'சீஹள' என்பதே சீழமாகி, முதலெழுத்து உதிர்ந்து ஈழமாயிற்று என்பது கால்டுவெல் முதலானோர் கொள்கை. அஃதன்று, ஈழமே மூத்த சொல் என்பர் வேறு சிலர். முதற் கொள்கை மெய்யாயின், இன்று எதிரும் புதிருமாக நிறுத்தப்படும் சிங்களமும் ஈழமும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள் ஆகும். அதே 'சீஹள'விலிருந்துதான் அராபியரின் 'சேரன்தீப்'பும் ஆங்கிலேயரின் 'சிலோனு'ம் கிளைத்தன என்பர். சொல்லாராய்ச்சி செய்வோர் எந்தப் பக்கம் நின்றாலும், ஒன்றை மறுக்க மாட்டார்கள்: பழந்தமிழர் ஈழம் என்றபோது தீவின் ஒரு மூலையைச் சுட்டவில்லை, தீவு முழுவதையுமே சுட்டினர்.

இந்தப் பொருள் மிக அண்மைக்காலம் வரை அப்படியே இருந்தது. 1930இல் சுன்னாகத்தில் நா. பொன்னையா 'ஈழகேசரி'யைத் தொடங்கியபோதும், 1959இல் யாழ்ப்பாணத்தில் 'ஈழநாடு' தோன்றியபோதும் அப்பெயர்களைக் கண்டு எவரும் திடுக்கிடவில்லை. கனக. செந்திநாதன் 1964இல் 'ஈழத்து இலக்கிய வளர்ச்சி' எழுதினார். மறுபுறம், 1949இல் சமஷ்டி கேட்டுப் பிறந்த கட்சியோ தனக்கு 'இலங்கைத் தமிழரசுக் கட்சி' என்றே பெயரிட்டது. அரசியல்வாதிகள் இலங்கை என்றனர். இலக்கியக்காரர் ஈழம் என்றனர். இரண்டும் ஒரே நிலம்.

மதில் எப்போது நகர்ந்தது? சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் வர்த்தக அமைச்சராயிருந்த சி. சுந்தரலிங்கம், பின்னர் தனிநாடு வேண்டுமென்று வாதாடி, 1967இல் வெளியிட்ட ஆங்கில நூலுக்கு இச்சொல்லையே தலைப்பாக்கினார். அன்று அவரைப் பின்பற்றியோர் சிலரே. 1972 மே 22ஆம் திகதி நாடு குடியரசாகி 'ஸ்ரீ லங்கா' என்ற பெயரைச் சட்டப்படி பூண்டது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1976 மே 14இல், வட்டுக்கோட்டைத் தீர்மானம் 'தமிழீழம்' என்ற தனியரசைக் கோரியது.

இங்கே வாசகர் சற்று நின்று கவனிக்கவேண்டும். தமிழீழம் என்ற தொடரிலே ஈழம் இன்னும் தன் பழைய பொருளையே சுமந்து நின்றது. ஈழத்தின் தமிழ்ப் பகுதி என்பதால் அன்றோ முன்னே 'தமிழ்' என்ற அடை வேண்டியிருந்தது? முழுத்தீவு என்ற பொருள் இல்லையேல் அடைக்கு வேலையில்லை. ஆனால் நாவுக்குச் சோம்பல் அதிகம். இயக்கங்களின் பெயர்களிலும், செய்தித்தாள்களிலும், 'ஈழப்போர்' என்ற வழக்கிலும் அடைமொழி மெல்ல உதிர்ந்தது. உதிர்ந்த பின்னும் அதன் பொருள் தங்கிவிட்டது. முழுமைக்கு இருந்த பெயர் பாதிக்கு உரியதாயிற்று. அந்தப் பாதியைக் கேட்டவர்களும், அதை மறுத்தவர்களும், இந்த ஒன்றில் மட்டும் ஒத்துப்போனார்கள்.

புறக்கோட்டைத் தமிழனுக்கு இதனால் நேர்ந்தது என்ன? பழைய பொருளின்படி செட்டியார் தெரு ஈழம், கொட்டாஞ்சேனை ஈழம், கண்டியும் காலியும் ஈழம். புதிய பொருளின்படி அவன் ஈழத்துக்கு வெளியே நிற்பவன். ஆயினும் 1983 ஜூலையில் இத்தெருக்களிலே தமிழர் கடைகளுக்குத் தீ வைத்தோர் அவனை உள்ளே இருப்பவனாகவே கணக்கிட்டனர். அவ்வாண்டு ஆகஸ்டில் நிறைவேறிய ஆறாவது திருத்தம் தனிநாடு கோருவதைச் சட்டவிரோதமாக்கியது. சட்டம் தடுத்தது கோரிக்கையை. அச்சம் தடுத்தது சொல்லையே. 1987 ஏப்ரல் 21இல், நாம் இறங்கி வந்த நிலையத்துக்கு அருகே, மத்திய பேருந்து நிலையத்தில் குண்டு வெடித்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்நாளுக்குப் பிறகு அச்சொல்லைக் கேட்டுப் பக்கத்து இருக்கைச் சிங்களத் தாயொருத்தி நடுங்கியிருந்தால் அவளைக் குறைகூற நம்மால் இயலாது. இரு பக்கத்து நடுக்கத்துக்கும் நடுவே ஒரு பழஞ்சொல் அகப்பட்டுக்கொண்டது.

இத்தனைக்கும் நடுவே ஒரு விந்தை. நமது தேசிய கீதத்தின் தமிழ் வடிவத்தைப் பண்டிதர் மு. நல்லதம்பி ஆக்கினார். அதிலே ஈழம் என்ற சொல் இருக்கிறது, இன்றும் இருக்கிறது. 2016 பெப்ரவரி 4ஆம் திகதி, காலிமுகத்திடலில், சுதந்திர தின விழாவிலே அது தமிழிற் பாடப்பட்டது. அன்று பலருக்குக் கண் கலங்கிற்று. சிலருக்குக் கோபம் வந்தது. அதற்குள் இருந்த அந்தச் சொல்லைப் பற்றி எவரும் வாய் திறந்ததாக நாம் அறியோம். அது அங்கே தன் பழைய வீட்டில், பழைய பொருளோடு, ஒருவர் கண்ணிலும் படாது குடியிருக்கிறது.

இவ்வாறெல்லாம் எண்ணியவாறு கெய்சர் வீதிக்கு அண்மையில் ஒரு சந்துக்குள் நுழைந்தோம். பழைய கடதாசி நிறுத்து வாங்கும் கடை. தராசுக்குப் பின்னால் வெண்தாடி வைத்த முஸ்லிம் பெரியவர் ஒருவர் அமர்ந்திருந்தார்.

"என்ன புத்தகம் தேடுறீங்க, தம்பி?" என்றார். நமது தலையின் நரையை அவர் பொருட்படுத்தவில்லை.

பெயரைச் சொன்னோம். சொல்லும்போது நம்மையறியாமலே குரல் தாழ்ந்தது.

பெரியவர் சிரித்தார். "மெதுவாச் சொன்னாலும் அதே சொல்லுத்தானே!" என்று கூறி, பின்புறத்து அடுக்கைக் காட்டினார். "அந்தக் காலத்துத் தமிழ்ப் புத்தகம் கொஞ்சம் கிடக்கு. பாருங்க."

ஒரு மணி நேரம் தூசியோடு போராடினோம். பழைய பாடநூல்கள், சோதிடம், பஞ்சாங்கங்கள். நம்பிக்கை இழந்து எழும் வேளையில், செல்லரித்த ஓர் அகராதிக்குக் கீழே அது கிடந்தது. அட்டை உண்டு. தலைப்புப் பக்கமும் உண்டு. யாரோ ஒருவர் அஞ்சாமல் வைத்திருந்திருக்கிறார். அல்லது இருப்பதையே மறந்திருக்கிறார்.

பெரியவர் அதை வாங்கிப் பக்கங்களைப் புரட்டினார். "இதில எங்கட ஆக்களும் இருக்கிறாங்களா?"

"இருக்கிறார்கள், நானா. சித்திலெப்பை இருக்கிறார். 1885இல் அசன்பே கதை எழுதியவர். அருள்வாக்கி அப்துல் காதர் இருக்கிறார்."

"அவங்க கண்டி ஆக்களெல்லோ?"

"கண்டிதான்."

"அப்ப, கண்டியும் ஈழமா?"

"இந்தப் புத்தகத்தில் அப்படித்தான்."

அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு புத்தகத்தைத் தராசில் வைக்காமல், இருநூறு ரூபாய் என்று தனியே விலை சொன்னார். பணத்தை வாங்கிக்கொண்டு, பழைய செய்தித்தாள் ஒன்றை எடுத்து, அட்டை தெரியாதவாறு சுற்றத் தொடங்கினார். நாற்பது வருடப் பழக்கம் போலும். கை தானாகவே அதைச் செய்தது.

"சுற்ற வேண்டாம், நானா. அப்படியே தாருங்கள்" என்றோம்.

"அப்படியேவா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டு, தாளை விலக்கிக் கொடுத்தார்.

மொறட்டுவை செல்லும் 101ஆம் இலக்கப் பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. பக்கத்தில் அமர்ந்திருந்த பள்ளி மாணவி, அட்டையை ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் கைத்தொலைபேசிக்குத் திரும்பினாள். வெள்ளவத்தை வருவதற்குள் முதல் இயலை வாசித்து முடித்துவிட்டோம். பக்கந்தோறும் மேலே அந்தப் பெயர் அச்சாகியிருந்தது, தந்தையாரின் புத்தகத்திற் போலவே.