வாயாடிப் பெண்ணுக்கும் ஆட்டிசம் இருக்கும்

நிலக்கடலையில் டிக்கா இலைப்புள்ளி பற்றிக் கேட்டு ஒரு வாசகி எழுதியிருந்தார். கடிதத்தின் கடைசியில், பயிருக்குச் சம்பந்தமில்லாமல் நான்கு வரி. எட்டாவது படிக்கும் மகளுக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொல்கிறாராம். ஆனால் அவள் எல்லோரிடமும் நன்றாகப் பேசுகிறாள், முகம் பார்த்துச் சிரிக்கிறாள். ஆட்டிசம் என்றால் பேச மாட்டார்களே, வீட்டில் யாரும் நம்பவில்லை, நான் என்ன செய்வது என்று கேட்டிருந்தார்.

இலைப்புள்ளிக்குப் பதில் கேள்வி-பதில் பகுதியில் இருக்கிறது. இந்த நான்கு வரிக்கு அங்கே இடம் போதாது. நான் டாக்டர் இல்லை, வேளாண்மை படித்தவன். ஆனால் அப்படி ஒரு பெண்ணுக்குத் தாய்மாமன்.

என் அக்கா மகளுக்கு இப்போது 24 வயது. ஊரில் அவளுக்கு 'வாயாடி' என்றே பெயர். பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் பாட்டியின் குடும்பக் கதையை அடுத்த நிறுத்தத்துக்குள் கேட்டுத் தெரிந்துகொள்வாள். ஆட்டிசம் உள்ளவர்கள் கணக்கில் புலி என்பார்கள். இவள் பத்தாம் வகுப்பில் கணக்கில் தட்டுத் தடுமாறித்தான் பாஸ் செய்தாள். அவர்களுக்கு அடுத்தவர் வலி புரியாது என்பார்கள். இவளோ வீட்டில் ஆடு அறுத்தால் அன்றைக்கு முழுக்கச் சாப்பிட மாட்டாள். நோட்டு நோட்டாகக் கதை எழுதி வைத்திருக்கிறாள்.

வீட்டுக்குள் வேறு பெண். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை எறிந்துவிட்டு நெல் மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாள். ஒரு மணி நேரத்துக்கு யாரும் கிட்டே போகக் கூடாது. குக்கர் விசிலுக்குக் காதைப் பொத்துவாள். தட்டில் சட்னி இட்லியைத் தொட்டுவிட்டால் அந்த இட்லி வேண்டாம். சாயங்காலம் சந்தைக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டு மாற்றினால் ராத்திரி வரை அழுகை. திமிர் என்றார்கள், செல்லம் கொடுத்துக் கெடுத்தது என்றார்கள். காத்து கருப்பு என்று மந்திரித்துக் கயிறும் கட்டினார்கள்.

19 வயதில் காலேஜ் ஹாஸ்டலில் சேர்த்தோம். மெஸ் இரைச்சலும் ஒரே அறையில் ஆறு பேரும் அவளுக்குத் தாங்கவில்லை. மூன்றே மாதத்தில் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தாள். அந்த வாயாடி பேசுவதையே நிறுத்திவிட்டாள். மனநல மருத்துவர் அவளைப் பார்த்ததைவிட அக்காவிடம்தான் அதிகம் கேட்டார். எப்போது நடந்தாள், எதற்கு அழுவாள், எப்படி விளையாடுவாள் என்று மூன்று தடவை கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டபிறகு ஆட்டிசம் என்றார். அக்கா வெளியே வந்து என்னிடம் சொன்னது இது: "தம்பி, அந்த டாக்டருக்குத்தான் ஏதோ கோளாறு. இவ பேசுற பேச்சுக்கு ஆட்டிசமா?"

அக்காவைக் குறை சொல்ல முடியாது. நம் ஊரில் பலருக்கு ஆட்டிசம் என்றால் 2013இல் வந்த 'ஹரிதாஸ்' படத்துப் பையன்தான் ஞாபகத்துக்கு வருவான். நல்ல படம். ஆனால் அது ஒரு பையனின் கதை. போதாக்குறைக்கு, சில அரசுப் படிவங்களில் இதற்கு 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று ஒரு பெயர் இருக்கிறது. எனக்கு அந்தப் பெயரைப் பார்த்தாலே எரிச்சல் வரும். புற உலகம் அளவுக்கு மீறி உள்ளே வந்து விழுவதுதானே என் மருமகளுக்குத் தொல்லையே!

இதில் புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 1943இல் லியோ கானர் என்ற மருத்துவர் அமெரிக்காவில் 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அவர்களில் மூன்று பேர்தான் பெண்கள். தனிமையை நாடும் பிள்ளைகள் என்ற படம் அங்கிருந்து பரவியது. 1979இல் லண்டனில் லோர்னா விங், ஜூடித் கூல்டு என்ற இருவர் ஒரு பகுதியின் குழந்தைகளை ஆராய்ந்து, பிறரோடு பழகும் விதத்தில் மூன்று வகை இருப்பதாகச் சொன்னார்கள். ஒதுங்கியே இருப்பவர்கள் ஒரு வகை. யாராவது கூப்பிட்டால் கூடவே போகிறவர்கள் இன்னொரு வகை. மூன்றாவது வகையினர் தாங்களாகவே போய்ப் பேசுவார்கள். ஆனால் அந்தப் பேச்சு எதிராளியின் போக்குக்கு இசையாமல் ஒரு மாதிரி தனியாக ஓடும். இதைச் சொல்லி 40 வருடத்துக்கு மேல் ஆகிறது. முதல் வகை மட்டும்தான் நம் காதுக்கு எட்டியிருக்கிறது.

பெண் பிள்ளைகளிடம் இன்னொன்றும் உண்டு. மற்றவர்களைப் பார்த்து அப்படியே நடிக்கக் கற்றுக்கொள்வார்கள். பையன்களும் செய்வதுண்டு, ஆனால் பெண்களிடம் கூடுதல் என்கிறார்கள். என் மருமகள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே தருகிறேன்: "மாமா, நான் யார் கண்ணையும் பார்க்கிறதில்ல. ரெண்டு புருவத்துக்கு நடுவுல பார்ப்பேன். கடைக்குப் போறதுக்கு முன்னாடியே என்ன பேசணும்னு மூணு தடவை சொல்லிப் பார்த்துக்குவேன். எல்லாரும் சிரிச்சா நானும் சிரிப்பேன்." பள்ளிக்கூடத்தில் எட்டு மணி நேரம் இந்த வேலை. அதற்குப் பிறகுதான் நெல் மூட்டைக்குப் பின்னால் ஒரு மணி நேரம்.

பயிரில் இதை மறைபசி என்போம். இலை பச்சையாகவே இருக்கும், பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. மண்ணையும் இலையையும் பரிசோதித்தால்தான் சத்துப் பற்றாக்குறை தெரியும். அறுவடையில் மகசூல் காட்டிக்கொடுக்கும். உவமை இதோடு சரி. ஆட்டிசம் சத்துக்குறைவும் இல்லை, மருந்து அடித்துப் போக்குகிற நோயும் இல்லை. குணப்படுத்துகிறேன் என்று பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

மாடு வளர்ப்பவர்களுக்கு டெம்பிள் கிராண்டின் பெயர் தெரிந்திருக்கலாம். 1947இல் பிறந்த அமெரிக்க அம்மையார், கால்நடை அறிவியல் பேராசிரியர், ஆட்டிசம் உள்ளவர். மூன்றரை வயது வரை பேசவில்லை. மாடு எதைக் கண்டு மிரளுகிறது என்று மாட்டின் இடத்தில் நின்று பார்த்து, வளைந்து செல்லும் தடுப்புப் பாதைகளை வடிவமைத்தார். தனக்கு எல்லாமே படமாகத்தான் மனதில் ஓடும் என்று 1995இல் புத்தகம் எழுதினார். ஆட்டிசம் உள்ள எல்லோரும் அப்படித்தான் என்றும் நினைத்திருந்தார். பிறகு, அது சரியல்ல, சொற்களால் யோசிப்பவர்களும் வடிவ ஒழுங்குகளால் யோசிப்பவர்களும் இருக்கிறார்கள் என்று அவரே திருத்திக்கொண்டார். உள்ளே இருப்பவருக்கே இவ்வளவு தாமதமாகத்தான் பிடிபடுகிறது என்றால் அக்கம்பக்கத்தாரைச் சொல்லி என்ன?

எதிர்த் திசையிலும் இதே சிக்கல். பேசாத பிள்ளைக்கு ஒன்றும் புரியாது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எங்கள் வட்டாரத்தில் ஒரு பையன் ஒரு வார்த்தை பேச மாட்டான். அவன் அப்பாவோடு போர்வெல் பக்கம் நின்றுகொண்டிருந்தபோது கைபேசியில் எழுத்துகளைத் தட்டி என்னிடம் நீட்டினான்: 'மோட்டார் சத்தம் மாறிடுச்சு'. பேரிங் தேய்ந்திருந்தது. அவன் காதுபட "இவன் என்ன ஆகப்போறானோ" என்று அதுவரை எத்தனை பேர் பேசியிருப்பார்களோ.

கடிதம் எழுதிய சகோதரிக்குச் சில வேலைகள். இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எப்போது அழுதாள், அதற்கு முன் என்ன நடந்தது, எந்தச் சத்தம், என்ன சாப்பாடு, எத்தனை மணி நேரம் தூக்கம். நன்றாகப் பேசிவிட்டு வந்த நாட்களை விடாமல் குறியுங்கள்; அன்றைக்கு வீடு திரும்பியபின் எப்படி இருந்தாள் என்பதுதான் முக்கியம். 18 வயது வரை உள்ளவர்களுக்கு அரசு மருத்துவமனையில் உள்ள மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்தில் காட்டலாம். அந்த நோட்டைக் கையோடு கொண்டு போங்கள். அறைக்குள் சிரித்துப் பேசும் பெண்ணைப் பார்த்து 'இவளுக்கு என்ன' என்று அனுப்பிவிடுகிற ஆபத்து உண்டு. எங்களுக்கு முதல் இடத்தில் அப்படித்தான் நடந்தது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. சான்றிதழ் இருந்தால் தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு வழி உண்டு.

பெண் பிள்ளை விஷயம், வெளியே சொல்லலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்பீர்கள். எங்கள் வீட்டிலும் அந்தச் சண்டை நடந்தது. போன வருடம் ஒரு வரன் வந்தது. "பார்த்தா தெரியாது, பேசாம முடிச்சிடலாம்" என்றார் தரகர். அக்காவுக்கும் அதே எண்ணம். சொல்லித்தான் ஆக வேண்டும் என்றேன் நான். இவ்வளவு நாள் வெளியில் நடித்துவிட்டு வந்து இளைப்பாற வீடு ஒன்று இருந்தது. அங்கே போய் ராத்திரியும் நடிக்கச் சொல்கிறோமா? மருமகளைக் கேட்டோம். "சொல்லிடுங்க மாமா, என்னால முடியாது" என்றாள். சொன்னோம். அவர்கள் விலகிக்கொண்டார்கள். அக்கா பத்து நாள் என்னோடு பேசவில்லை.

இப்போது அவள் ஒரு நாற்றுப்பண்ணையில் வேலை பார்க்கிறாள். காலை 11 மணி வரை வாங்க வருபவர்களிடம் எந்த மண்ணுக்கு எந்தக் கன்று என்று வாய் ஓயாமல் விளக்குகிறாள். பிறகு இரண்டு மணி நேரம் நிழல்வலைக் கூடத்தில் தனியாகப் பை நிரப்பும் வேலை. அந்த நேரத்தில் யாரும் கூப்பிடுவதில்லை என்று முதலாளியிடம் பேசி வைத்திருக்கிறோம். அக்கா மதியச் சாப்பாடு கட்டும்போது சட்னியைத் தனி டப்பாவில் வைக்கிறாள்.