சிரிக்க வைத்தது யார்?

அடுத்த வீட்டில் கணவன் மனைவி சண்டை என்றால் யாருக்கும் காது தானாக நீளும். அமெரிக்க வானொலி இந்தப் பலவீனத்தை நன்றாகவே அறுவடை செய்தது.

1946-ல் என்.பி.சி. வானொலியில் அறிமுகமான பிக்கர்சன் தம்பதியை எடுத்துக்கொள்ளுங்கள். கணவர் ஜான் ஊரே அதிரக் குறட்டை விடுவார். நடுராத்திரியில் மனைவி பிளாஞ்ச் அவரை உலுக்கி எழுப்பி வழக்கைத் தொடங்குவார். எழுதியவர் ஃபிலிப் ராப். நடித்த டான் அமீச்சியும் ஃபிரான்சஸ் லாங்ஃபோர்டும் நிஜத் தம்பதி அல்ல. சண்டை முடிந்ததும் அவரவர் வீட்டுக்குப் போய்விடலாம்.

ஜார்ஜ் பர்ன்ஸ், கிரேஸி ஆலன் ஜோடியின் கதை இதற்கு நேர் எதிர். 1920களில் இருவரும் மேடையில் ஜோடி சேர்ந்தபோது சிரிப்பு வசனங்களைத் தனக்கே வைத்துக்கொண்டார் பர்ன்ஸ். கிரேஸிக்குக் கேள்வி கேட்கும் வேலை மட்டும்தான். ஆனால் அவர் அப்பாவியாகக் கேட்ட கேள்விக்கே கூட்டம் சிரித்தது. பர்ன்ஸின் பதிலுக்கு மௌனம். எந்த ஆணுக்கும் இது சங்கடமான நேரம். பர்ன்ஸ் முறைத்துக்கொள்ளவில்லை. வசனங்களை அப்படியே இடம் மாற்றிக்கொண்டார். அந்த முடிவுதான் இருவருக்கும் சோறு போட்டது.

1926-ல் திருமணம். 1932-ல் சி.பி.எஸ். வானொலியில் வாராந்திர வாய்ப்பு. ஆனாலும் ஒலிபெருக்கி முன் அவர்கள் கல்யாணமாகாதவர்கள்தான்; பர்ன்ஸ் கிண்டலடிப்பார், கிரேஸி குறும்பாகப் பதில் சொல்வார். வீட்டில் இரண்டு தத்துக் குழந்தைகள் வளர்ந்துகொண்டிருந்தனர். நேயர்களுக்கும் இதெல்லாம் தெரியும்.

1940களின் தொடக்கத்தில் நேயர்கள் குறையத் தொடங்கினர். காரணத்தைப் பர்ன்ஸே கண்டுபிடித்தார். தங்கள் நகைச்சுவை தங்கள் வயதைவிட இளமையாக இருக்கிறது! உடனே இருவரும் நிகழ்ச்சியிலும் கணவன் மனைவி ஆனார்கள். நிகழ்ச்சி நிமிர்ந்தது; 1950-ல் தொலைக்காட்சிக்கும் போனது.

கிரேஸியின் பேச்சில் தர்க்கம் உண்டு. என்ன, அது அவருக்கு மட்டுமே புரியும் தர்க்கம். கணவர் திருத்த மாட்டார், அடக்க மாட்டார். சுருட்டைப் புகைத்தபடி, அது எங்கே போய் முடிகிறது என்று காத்திருப்பார். மனைவியை மட்டம் தட்டிச் சிரிப்பு வாங்குவது சுலபம். அந்தச் சுலபமான வழியில் பர்ன்ஸ் போகவில்லை.

ஒன்றுமே தெரியாதவர் போல நடித்த கிரேஸி உண்மையில் கடும் உழைப்பாளி. தொலைக்காட்சிக்காகப் பக்கம் பக்கமாக வசனங்களை மனப்பாடம் செய்தவர். ஒற்றைத் தலைவலியும் இதய நோயும் வாட்ட, 1958-ல் விலகினார். 1964-ல் மறைந்தார். பர்ன்ஸ் 1996-ல், 100 வயதில், அவர் பக்கத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

தொழிலில் கடைசிவரை 'பர்ன்ஸ் அண்டு ஆலன்'தான். கல்லறையில் மட்டும் கிரேஸியின் பெயர் முதலில் இருக்கிறது.